பாதியில் நின்ற முள்

எங்கள் வண்டியின் டீசல் முள் எப்போதும் பாதியில்தான் நிற்கும். டேங்க் நிறைய ஊற்றினாலும் பாதி. ஊற்றி நான்கு நாள் ஓடிய பிறகும் பாதி. சாவியைத் திருப்பியதும் இடது கோடியில் படுத்துக் கிடக்கும் முள் மெல்ல எழுந்து நடுவில் வந்து நின்றுகொள்ளும். சாவியை எடுத்தால் திரும்பப் போய்ப் படுத்துக்கொள்ளும். இடைப்பட்ட நேரத்தில் ஒரு வேலையும் செய்யாது. "கவருமெண்டு உத்தியோகம் பாக்குது" என்பார் அப்பா.

அது நீல நிறப் பிக்கப் வண்டி. எங்களிடம் வந்து சேர்வதற்கு முன்பே இரண்டு பேரிடம் உழைத்து அலுத்திருந்தது. திண்டுக்கல்லில் ஒரு சிறிய சோடா கம்பெனியில் பன்னீர் சோடாவும் கலரும் ஏற்றிக்கொண்டு, சாணார்பட்டி சாலையில் உள்ள பெட்டிக்கடைகளுக்கெல்லாம் போடுவது அப்பாவின் தொழில். மரப்பெட்டிகளுக்குள் பாட்டில்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் சத்தம் வண்டிக்கு முன்னால் வந்துவிடும். நிறைந்த பாட்டிலுக்கு ஒரு சத்தம், காலிப் பாட்டிலுக்கு ஒரு சத்தம். சாயங்காலம் வீட்டுக்குள் இருந்தபடியே அன்றைக்கு வியாபாரம் எப்படி என்று நான் சொல்லிவிடுவேன். அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. தொண்ணூறுகளின் நடுப்பகுதி.

அம்மா ஆசிரியை. சாணார்பட்டிக்குப் போகும் வழியில், அதற்குக் கொஞ்சம் முன்னால் உள்ள ஒரு கிராமத்தின் தொடக்கப் பள்ளியில் வேலை. கண்டிப்பானவள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அம்மாவின் செருப்புச் சத்தம் கேட்டாலே எழுந்து நின்றுவிடுவார்கள் என்று சொல்வார்கள். வீட்டிலும் நிலைமை ஏறக்குறைய அதுதான். நானும் அப்பாவும் ஒரே வகுப்பில் படித்துக்கொண்டிருந்தோம் என்றே சொல்லலாம். சட்டையைக் கழற்றிக் கண்ட இடத்தில் போட்டதற்கு இருவருக்கும் சேர்த்துத்தான் திட்டு விழும். திட்டு முடிந்ததும் அப்பா என்னைப் பார்த்து ஒரு கண்ணை மட்டும் மூடித் திறப்பார்.

எங்கள் சந்துக்குள் வண்டி நுழையாது. பங்குச் சாமியாரிடம் கேட்டு, தெருமுனையில் மாதா கோவிலுக்குப் பின்னால் இருந்த காலி இடத்தில் அப்பா நிறுத்துவார். அம்மா ஏழே முக்கால் பேருந்துக்கு முதலில் கிளம்பிவிடுவாள். அதன் பிறகு நானும் அப்பாவும் வீட்டைப் பூட்டிக்கொண்டு கோவில் இடத்துக்கு நடப்போம். அங்கே ஒரு வேலை எங்களுக்காகக் காத்திருக்கும்.

முள்ளை நம்ப முடியாத காரணத்தால் அப்பா டேங்கைக் குச்சி விட்டு அளப்பார். டேங்க் வண்டியின் இடது பக்கம், நாங்கள் உட்காரும் அறைக்குப் பின்னால் இருந்தது. மூடியைத் திறந்தால் குச்சி நேராக அடிவரைக்கும் போகும். ஆரம்பத்தில் கம்பியை விட்டுப் பார்த்தார், ஈரம் எதுவரை என்று தெரியவில்லை. விளக்குமாற்றுக் குச்சியை விட்டார், அது உடைந்து உள்ளேயே விழுந்துவிட்டது. அதன் பிறகு கிடைத்ததுதான் அம்மாவின் பிரம்பு.

நுனி பிளந்துபோன அந்தப் பிரம்பைச் சரிசெய்யவென்று ஒரு கோடை விடுமுறையில் அம்மா வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். பிளந்த இடத்தில் சிவப்பு நூலால் நெருக்கமாகச் சுற்றிக் கட்டி பீரோவின் மேல் வைத்திருந்தாள். இரண்டு நாளில் அது காணாமல் போனது. பேனாக்கத்தியால் மூன்று வெட்டுப் போட்டு அப்பா அதை வண்டி சீட்டுக்கு அடியில் செருகிவிட்டார். அம்மா வீடு முழுக்கத் தேடினாள். என்னைக் கூப்பிட்டு விசாரித்தாள். தெரியாது என்றேன். அந்த வாரம் பாவசங்கீர்த்தனத்தில், பொய் சொன்னேன் என்று ஒப்புக்கொண்டேன். என்ன பொய் என்று சாமியார் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

அளப்பது என் வேலை. பிரம்பை உள்ளே விட்டு, அடியில் தட்டியதும் எடுத்து, ஈரம் எந்த வெட்டில் நிற்கிறது என்று சொல்ல வேண்டும். மூன்றாம் வெட்டென்றால் கவலையில்லை. இரண்டு என்றால் அன்றைக்குப் போதும். ஒன்றுக்குக் கீழே என்றால் முதல் வேலை பெட்ரோல் பங்க். "என்ன ஆத்தா சொல்லுது பெரம்பு?" என்று அப்பா கேட்பார். நான் சொன்னதும் மறுபேச்சு இருக்காது, அவர் ஒருமுறை சரிபார்க்கக்கூட மாட்டார். என் சொல்லுக்கு ஒரு வண்டி ஓடியது. அந்த வயதில் அதைவிடப் பெரிய பதவி எனக்குத் தெரியாது. பழைய பனியன் துணியில் பிரம்பைத் துடைத்துச் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு ஏறி உட்கார்வேன். அப்பா என்னைப் பள்ளியில் இறக்கிவிட்டு கம்பெனிக்குப் போய்ச் சரக்கு ஏற்றுவார்.

அந்த நாள் அம்மாவின் பள்ளிக்கு ஆய்வுக்காக அதிகாரி வருவதாக இருந்தது. அம்மா விடிவதற்கு முன்பே எழுந்து, கட்டிய சேலையை அவிழ்த்துவிட்டு வேறொன்று கட்டி, பாடக்குறிப்பு நோட்டைத் தேடி, கடைசியில் பேருந்தை விட்டுவிட்டாள். நாங்கள் கோவில் இடத்தில் இருந்தோம். முதல் நாளே சரக்கு ஏற்றி வைத்திருந்ததால் அப்பா நிதானமாகத்தான் இருந்தார். அவர் டேங்க் மூடியில் கை வைத்தார், நான் பிரம்பை உருவிக் கையில் எடுத்தேன். அப்போது அம்மா தெருமுனையில் ஓட்டமும் நடையுமாக வருவது தெரிந்தது.

பிரம்பு இருந்த இடத்துக்கே திரும்பிப் போனது. நான் அவ்வளவு வேகமாக எதையும் ஒளித்ததில்லை. அப்பா மூடியிலிருந்து கையை எடுத்துவிட்டு, சும்மா நிற்பவரைப் போல டயரை ஒரு உதை உதைத்தார். சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.

மூன்று பேரும் முன்னால் உட்கார்ந்து போனோம், நான் நடுவில். அம்மா மடியில் நோட்டுகளை வைத்து அழுத்திப் பிடித்திருந்தாள். ரயில்வே கேட்டைத் தாண்டும்போது கேட்டாள்.

"டீசல் இருக்குல்ல? இன்னைக்குப் பாத்து நடுவழியில நிப்பாட்டிறாதீங்க."

"அந்தா பாதி இருக்குல்ல" என்று அப்பா முள்ளைக் காட்டினார்.

அம்மா எட்டிப் பார்த்தாள். முள் பாதியில் நின்றது. அப்பா என்னைப் பார்த்து ஒரு கண்ணை மூடித் திறந்தார். நான் குனிந்து பைக்குள் எதையோ தேடுவதுபோல முகத்தை மறைத்துச் சிரித்தேன்.

என் பள்ளி வாசலில் என்னை முதலில் இறக்கிவிட்டார்கள். பாட்டில் சத்தம் கடைவீதி வரைக்கும் கேட்டுக்கொண்டே போனது.

அதற்குப் பின் நடந்தது பிறர் சொல்லித் தெரிந்ததுதான். அம்மாவை அவள் பள்ளியில் இறக்கிவிட்டு அப்பா மேலே போயிருக்கிறார். மூன்று கடைகளுக்குச் சரக்குப் போட்டிருக்கிறார். அதைத் தாண்டி, இருபக்கமும் காடு மட்டும் இருக்கிற ஒரு நீளமான சாலையில் வண்டி நின்றுவிட்டது. ஒரு புளியமரத்தடியில் தள்ளி நிறுத்திவிட்டு, டீசல் வாங்கக் கேனை எடுத்துக்கொண்டு வந்த வழியே நடந்திருக்கிறார். பின்னால் வந்த ஒரு லாரி. மணி பதினொன்று இருக்கும் என்றார்கள். அந்த நேரத்தில் அம்மா அதிகாரிக்கு முன்னால் மூன்றாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பாடம் நன்றாக இருந்தது என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் கடைக்காரர் ஒருவர் சைக்கிளில் வந்து வாசலில் நின்றார்.

என்னை மாமா வந்து பள்ளியிலிருந்து கூட்டிக்கொண்டு போனார். மாமா என்றால் அம்மாவின் தம்பி, வேன் ஓட்டுகிறவர். வழியில் ஒரு கடையில் நிறுத்தி எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். நான் தேன்மிட்டாய் கேட்டேன். வாங்கிக் கொடுத்தார். வீட்டு வாசலில் அத்தனை செருப்புகளைப் பார்த்தபோதும் கையில் மிட்டாய் இருந்தது.

முப்பதாம் நாள் பூசை முடிந்து வீட்டில் எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது அத்தை அந்தப் பேச்சை எடுத்தார். அப்பாவின் அக்கா. அப்பாவை இடுப்பில் தூக்கி வளர்த்தவர். வன்மமாகச் சொல்லவில்லை, அழுதுகொண்டேதான் சொன்னார்.

"சின்னதுலருந்தே அவன் இப்படித்தான். எதையும் பாத்துச் செய்ய மாட்டான். வண்டி வச்சுப் பொழைக்கிறவன், டீசல் இருக்கா இல்லையான்னு பாக்க மாட்டானா? இந்த அஜாக்கிரதையாலதான போனான்."

அம்மா அந்த ஒரு மாதமும் கேட்டதற்குத் தலையசைத்ததோடு சரி. அன்றைக்குத்தான் வாய் திறந்தாள்.

"முள்ளு பாதி காட்டுச்சு, மதினி. நான் பாத்தேன். கேட்டேன், காட்டுனாரு. என் கண்ணால பாத்தேன்."

அத்தை அதை நம்பின மாதிரி இல்லை. யாரோ எழுந்து போய் எல்லோருக்கும் காப்பி கொண்டுவந்தார்கள்.

நான் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அத்தைமேல் எனக்குக் கோபம் வந்தது. அப்பா தினமும் பார்க்கிறவர்தான், அதுவும் வெட்டுப் போட்டு, என்னை வைத்துப் பார்க்கிறவர் என்று சொல்ல வேண்டும்போல இருந்தது. சொன்னால் பிரம்பு விஷயம் வெளியே வந்துவிடும். பேசாமல் இருந்துவிட்டேன்.

வண்டியை மாமா ஒரு மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போய், டீசல் ஊற்றி, குழாயில் காற்றுப் பிடித்திருந்ததை எடுத்து ஓட்டிவந்து, பழையபடி கோவில் இடத்தில் நிறுத்தியிருந்தார். பெட்டிகளைக் கம்பெனிக்காரர்கள் எடுத்துப் போய்விட்டார்கள். நானும் அம்மாவும் ஓட்டப்போவதில்லை. விற்பதென்று முடிவாயிற்று. தொப்பம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒருவர் காய்கறி ஏற்ற வண்டி வேண்டுமென்று வந்தார். சுற்றி வந்து பார்த்தார், குனிந்து பார்த்தார். பிடித்திருந்தது.

"டீசல் முள்ளு கெட்டுப்போயிருக்கு. அதைச் சரி பண்ணாமக் குடுக்க மாட்டேன்" என்றாள் அம்மா.

"அதொண்ணும் பெரிய விசயமில்லைங்க. நாங்க பாத்துக்கறமுங்க" என்றார் அவர்.

"இல்ல. ரெண்டு வாரம் கழிச்சு வாங்க."

அவர் மாமாவைப் பார்த்தார். மாமா தரையைப் பார்த்தார். அவர் போன பிறகு மாமா மெதுவாகத்தான் கேட்டார்.

"விக்கப்போற வண்டிக்கு எதுக்குக்கா இம்புட்டு மெனக்கெடு? அந்தாளே வேணாங்கிறாரு."

"எது கெட்டுருக்குன்னு எனக்குத் தெரியணும்" என்றாள் அம்மா.

இன்னொரு குடும்பத்துக்கும் இப்படி நேர்ந்துவிடக் கூடாதென்று அம்மா நினைக்கிறாள் என மாமா எடுத்துக்கொண்டார். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். அது பொய்யில்லை. ஆனால் அதற்கு மட்டும் ஒரு ஆள் அப்படி அலைய மாட்டாள்.

முதலில் மாமாவே பார்த்தார். கண்ணாடியை விரலால் தட்டினார், ஃபியூஸைக் கழற்றி ஊதிவிட்டு மாட்டினார். முள் பாதியில் வந்து நின்றது. அடுத்த சனிக்கிழமை பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு எலக்ட்ரீசியனிடம் போனோம். சனிக்கிழமை என்றால் வீட்டில் என்னைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்பதால் நானும் போனேன். அவர் மீட்டர்தான் போய்விட்டது என்று உறுதியாகச் சொல்லி, வேறொரு வண்டியில் கழற்றிய மீட்டரைக் கொண்டுவந்து மாட்டினார். சாவியைத் திருப்பினார். புது மீட்டரின் முள்ளும் அதே நிதானத்தோடு எழுந்து வந்து பாதியில் நின்றது. அவர் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பழைய மீட்டரையே திரும்ப மாட்டிவிட்டு, வண்டியே பழசு என்றார்.

அதற்கடுத்த சனிக்கிழமை பேகம்பூரில் வண்டி ரிப்பேர் பார்க்கும் ஒரு பாயிடம் போனோம். நாற்பது வயது இருக்கும். ஒரு காது உடைந்த கண்ணாடியை நூலால் கட்டி மாட்டியிருந்தார். அம்மா நடந்ததை எல்லாம் சொல்லவில்லை, மீட்டர் மாற்றிப் பார்த்ததை மட்டும் சொன்னாள். மற்றதை மாமா அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். அதன் பிறகு அவர் குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"மீட்டர் ரெண்டும் ஒண்ணு போலச் சொல்லுதுன்னா மீட்டர்ல தப்பில்ல டீச்சர். ஒண்ணு ஒயரு. இல்லாட்டி டேங்குக்குள்ள."

டேங்கின் மேல்பக்கம் போகும் ஒரு ஒயரைக் கழற்றினார். "முள்ளைப் பாரு பாப்பா" என்றார் என்னிடம். நான் உள்ளே ஏறி உட்கார்ந்து பார்த்தேன். முள் படுத்துவிட்டது. சொன்னேன். கழற்றிய ஒயரின் நுனியை வண்டியின் இரும்பில் தொட வைத்தார். முள் எழுந்தது, பாதிக்கு வந்தது, நிற்காமல் அதைத் தாண்டி வலது கோடிக்குப் போனது. அந்த முள் பாதியைத் தாண்டியதை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அப்பாவிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றி, பாதியில் நினைவு வந்தது.

"ஒயரும் நல்லாத்தான் இருக்கு. அப்ப உள்ளதான்" என்றார் பாய்.

டீசலை வடித்துவிட்டு, டேங்கின் மேலிருந்த வட்டத் தகட்டின் ஐந்து திருகையும் கழற்றினார். ஒன்று துருப்பிடித்து வர மறுத்தது. மண்ணெண்ணெய் விட்டுக் காத்திருந்து கழற்றினார். தகட்டோடு சேர்ந்து ஒரு மெல்லிய கம்பிக் கை வெளியே வந்தது, அதன் நுனியில் ஒரு மிதவை. டீசல் ஏறினால் மிதவை மேலே வர வேண்டும், இறங்கினால் கீழே போக வேண்டும், அதைப் பார்த்துத்தான் முள் நகரும் என்று அம்மாவுக்கு விளக்கினார். பிறகு அந்தக் கையை விரலால் தள்ளினார். அசையவில்லை. கை வளைந்து திரும்பும் மூட்டில் துரு இறுகிப்போய், பாதி உயரத்தில் அப்படியே நின்றிருந்தது.

அம்மா அதைக் கையில் வாங்கினாள். சேலையில் டீசல் சொட்டியதைக் கவனிக்கவில்லை. தானும் ஒருமுறை தள்ளிப் பார்த்தாள்.

"இது எம்புட்டு நாளா இப்படி இருந்திருக்கும் பாய்?"

"துருவைப் பாத்தா வருசத்துக்குக் கொறையாது."

"டேங்குல ஒண்ணுமே இல்லாட்டியும் பாதிதான் காட்டுமா?"

"பாதிதான் காட்டும்." பாய் கையைத் துடைத்துக்கொண்டார். அடுத்ததை அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "பாவம், பாதி இருக்குன்னு நம்பிருப்பாரு. அவருன்னு இல்ல, யாரா இருந்தாலும் ஏமாந்துதான் போயிருப்பாங்க டீச்சர்."

அம்மா மாமாவின் பக்கம் திரும்பினாள். "கேட்டுக்கிட்டியா? மதினிகிட்ட நீயே சொல்லு. நான் சொன்னா நம்ப மாட்டாங்க."

மாமா தலையாட்டினார். அம்மாவின் முகம் எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது. சிரிக்கவில்லை. ஆனால் நெற்றியில் ஒரு மாதத்துக்கு மேலாக இருந்த ஏதோ ஒன்று இறங்கிப் போயிருந்தது. பக்கத்துக் கடையில் டீ சொல்லச் சொன்னாள். எனக்குப் பன் வேண்டுமா என்று கேட்டாள். அன்று காலை அவள் சாப்பிட்டிருக்கவில்லை. டீ வந்ததும் இரண்டு கையாலும் கிளாசைப் பிடித்து, ஊதிக் குடிக்கத் தொடங்கினாள்.

நான் பன்னைத் தொடவில்லை. ஏமாந்து போயிருப்பார் என்ற வார்த்தை எனக்குள் உறுத்திக்கொண்டிருந்தது. அத்தை அப்பாவை அஜாக்கிரதை என்றார். இப்போது யாரோ ஒரு பாய், அப்பா ஏமாந்துவிட்டார் என்கிறார். அம்மாவும் அதற்கு மகிழ்ச்சியாக டீ குடிக்கிறாள். அப்பாவை அறிந்தவள் நான் ஒருத்திதான் என்று பட்டது.

"அப்பா ஒண்ணும் ஏமாறலை" என்றேன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"முள்ளு கெட்டுப்போனது அப்பாவுக்குத் தெரியும். அப்பா முள்ளைப் பாக்கவே மாட்டாங்க. நாங்க அளப்போம்."

சொன்னால் போதாதென்று வண்டிக்குள் ஏறிச் சீட்டுக்கு அடியில் கையை விட்டேன். பிரம்பு அங்கேயே இருந்தது. கொண்டுவந்து அம்மாவிடம் நீட்டினேன். இனி திட்டு விழுந்தாலும் பரவாயில்லை என்று எனக்கு ஒரு வீரம் வந்திருந்தது. அம்மா கிளாசைக் கீழே வைத்துவிட்டு வாங்கினாள். நுனியில் அவள் சுற்றிய சிவப்பு நூல் டீசலில் ஊறிக் கறுத்திருந்தது. மூன்று வெட்டுகளின் மேலும் கட்டைவிரலை வைத்துப் பார்த்தாள்.

"தெனமும் அளப்பீங்களா?"

"தெனமும். நாந்தான் அளப்பேன்."

"அன்னைக்கு?"

வகுப்பில் பதில் தெரிந்த கேள்வியைக் கேட்டால் எப்படிச் சொல்வேனோ அப்படிச் சொன்னேன்.

"அன்னைக்கு நீ வந்துட்டியேம்மா. பெரம்பைப் பாத்தா நீ திட்டுவேல்ல. அதான் உள்ள வச்சுட்டோம்."

பாய் சட்டென்று திரும்பி, துடைத்த மிதவையையே மறுபடி துடைக்கத் தொடங்கினார். மாமா சாலையைப் பார்த்தார். ஒரு டவுன் பஸ் போனது. அம்மா பிரம்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நான் திட்டுவேன்னு அப்பா சொன்னாரா?"

நான் யோசித்தேன். பொய் சொல்லக் கூடாது என்பதில் கவனமாக இருந்தேன்.

"சொல்லலை. சிரிச்சாங்க."

அம்மா தலையை அசைத்தாள். கேட்ட கேள்விக்குச் சரியான விடை வந்துவிட்ட மாதிரி. பிறகு பிரம்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டீ ஆறி ஏடு படிந்தது. நான் அவள் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். உங்கப்பா கெட்டிக்காரர் என்றாவது, நீயா அளந்தாய் என்றாவது. கடைசியில் பன்னைச் சாப்பிட்டுவிட்டேன்.

பாய் மூட்டைத் தேய்த்து, எண்ணெய் விட்டு, கை தாராளமாக ஆடும்வரை விடவில்லை. திரும்ப மாட்டி, வடித்த டீசலை ஊற்றினார். முள் முதல் கோட்டுக்குச் சற்று மேலே போய் நின்றது. இருந்ததும் அவ்வளவுதான். "இனி பொய் சொல்லாது" என்றார். அம்மா பார்க்க எழுந்து வரவில்லை. தொப்பம்பட்டிக்காரர் அடுத்த வாரம் வந்து வண்டியை ஓட்டிப் போனார். பிரம்பு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது.

மாமா அத்தையிடம் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டாம் என்று அம்மாவே தடுத்திருக்கிறாள். பாஸ்காத் திருநாள் முடிந்து அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தபோது பழையபடி அந்தப் பேச்சு வந்தது. ஒருதரம் பார்த்திருந்தால் இருந்திருப்பானே என்று அத்தை அழுதார். அம்மா முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். முள் பாதி காட்டியது என்று இந்த முறை சொல்லவில்லை. அப்பாவுக்காகப் பேச வீட்டில் ஆளில்லையே என்று எனக்கு அம்மாமேல் ஆத்திரமாக வந்தது.

இப்போது எனக்கு அப்பாவைவிட வயது கூடிவிட்டது. அம்மாவை இறக்கிவிட்ட பிறகு அவர் எங்கே வேண்டுமானாலும் நிறுத்தி அளந்திருக்கலாம். மூன்று கடைகளில் நிறுத்தியிருக்கிறார், பிரம்பு சீட்டுக்கு அடியிலேதான் இருந்தது. ஏன் அளக்கவில்லை? மறந்திருப்பார். அளப்பது என் வேலை என்பதால் அவருக்கு நினைவு வராமலே போயிருக்கலாம். இதை ஒருமுறை அம்மாவிடம் சொல்லப் பார்த்தேன், எனக்குக் கல்யாணமான பிறகு. பேகம்பூரையோ பிரம்பையோ நான் குறிப்பிடவில்லை, பொதுவாகத்தான் ஆரம்பித்தேன். அம்மா குறுக்கிட்டு, குழந்தைக்குச் சளி குறைந்ததா என்று கேட்டாள்.

ஆனால் ஐந்தாம் வகுப்பில் நான் கண்டதெல்லாம், அம்மா வேறு மாதிரி மாறிப்போனதைத்தான். அதன் பிறகு அவள் பள்ளிக்குப் பிரம்பே எடுத்துக்கொண்டு போகவில்லை. பிள்ளைகள் முதலில் பயந்தார்கள், பிறகு பழகி, வகுப்பில் சத்தம் போட ஆரம்பித்தார்கள் என்று உடன் வேலை பார்த்த டீச்சர் ஒருவர் வீட்டுக்கு வந்து வருத்தப்பட்டார். வீட்டில் நான் சீருடையைக் கழற்றி நாற்காலியில் எறிந்தேன். அம்மா எடுத்து மடித்து வைத்தாள். வேண்டுமென்றே மறுநாளும் எறிந்தேன். மறுநாளும் மடித்து வைத்தாள். கணக்கில் முப்பத்திரண்டு வாங்கிய அட்டையை நீட்டினேன், கையெழுத்துப் போட்டுத் தந்தாள். ஒரு சாயங்காலம் பாலை அடுப்பில் வைத்துவிட்டு விளையாடப் போய், பொங்கி, பாத்திரம் கருகி, வீடெல்லாம் புகையாகிவிட்டது. அடுப்படி மூலையில் நின்று காத்திருந்தேன். அம்மா வந்து ஜன்னலைத் திறந்துவிட்டாள். என் கையைப் பிடித்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"சுட்டுக்கிட்டியா?"

"இல்ல."

"சரி, போய் வெளையாடு."

மறுநாள் பள்ளியில், பக்கத்தில் உட்காரும் தோழியிடம் இதைச் சொன்னேன். அன்று காலைதான் அவள் பால் கணக்கு நோட்டைத் தொலைத்ததற்காக அவள் அம்மாவிடம் முதுகில் வாங்கியிருந்தாள்.

"எங்கம்மா இப்பல்லாம் திட்டவே மாட்டாங்க. ரொம்ப நல்லவங்களா ஆயிட்டாங்க" என்றேன்.

அவள் பொறாமையோடு பார்த்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது.